கடைசிப் பக்கத்தைக் காணோம்

கை கழுவிட்டு மெதுவா வாங்கம்மா, எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல. ரிட்டயர் ஆனவனுக்கு என்ன அவசரம். இந்தப் பெஞ்சிலேயே உக்காந்துக்கிடுதேன்.

லைப்ரரிக்கு நீங்க புதுசா வந்திருக்கீங்கன்னு பேப்பர் படிக்க வாறவங்க சொன்னாங்க. முன்னால இருந்த சார் மாத்தலாகிப் போயிட்டாராம். நல்ல மனுசன்தான். ஆனா கடைசி கடைசியா என்னைக் கண்டாலே பீரோவுக்குப் பின்னால போயிருவாரு. நான் புகார் சொல்லுத ஆளுன்னு அவருக்கு நினைப்பு. புகார்தான், இல்லேங்கல. நியாயமான புகாரா இல்லியான்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

இந்தா, நாலு நாவல். நாலும் இங்க எடுத்ததுதான். நாலுலயும் கடைசிப் பக்கத்தைக் காணோம்.

பிரிச்சுப் பாருங்க. கிழிச்ச தடம் இருக்காது. நம்பரும் சரியாத்தான் இருக்கும். நான் கரண்ட் ஆபீஸ்ல வீடு வீடாப் போயி மீட்டர் ரீடிங் எடுத்தவன், நம்பர்ல என்னை ஏமாத்த முடியாது. கீழ ‘முற்றும்’னுகூடப் போட்டிருக்கு, அதையும் பாத்துட்டேன். முற்றும்னு அச்சடிச்சுட்டா கதை முடிஞ்சதா ஆயிருமா? முடிவு வேற இருக்கும்மா. எனக்குத் தெரியும். நான் முழுசாக் கேட்டிருக்கேன்.

யாரு சொல்லிக் கேட்டேன்னா, என் வீட்டுக்காரி. பிரமநாயகின்னு பேரு. பிரமுன்னுதான் கூப்பிடுவேன். இந்தக் கார்டு அவ பேர்லதான் இருக்கு. போன ஐப்பசில தவறிட்டா. கார்டை உங்க பேருக்கு மாத்திக்கிடுங்கன்னு அந்த சார் சொன்னாரு. நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க.

நான் நாவல்லாம் வாசிச்ச ஆளு இல்லம்மா. சர்வீஸ் முழுக்க வாசிச்சது நம்பரு மட்டுந்தான். பிரமு அப்படி இல்ல. அடுப்புல பால் வச்சுட்டு வாசிப்பா, பால் பொங்கி வழிஞ்ச பெறவு நிமிந்து பாப்பா. வாசிச்சதை எல்லாம் எனக்குச் சொல்லியாகணும் அவளுக்கு. எப்ப சொல்லுவான்னா, நான் மத்தியானம் சாப்பிட உக்காரும்போது. சோத்தைப் போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்து ஆரம்பிப்பா. நான் ‘உம்’னுகூடக் கொட்டமாட்டேன். ஆனா கேப்பேன். சாம்பார் ஊத்தும்போது கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகும், ரசத்துக்குச் சண்டை வந்துரும், மோருக்கு வரும்போது ஆளுக்கொரு பக்கமாப் பிரிஞ்சிருப்பாங்க. நான் கை கழுவிட்டா அன்னைக்குக் கதை அவ்வளவுதான், நிப்பாட்டிருவா. அதுக்காகவே இன்னும் ரெண்டு கரண்டி போடுன்னு கேட்டு வாங்குவேன். பசி கிடையாது, கதைக்காகத்தான். டாக்டர் சுகர்னு சொன்ன பெறவும் கேட்டு வாங்கியிருக்கேன். அது அவளுக்குத் தெரியாது. இவருக்கு என் ரசம்னா உசுருன்னு தெருப்பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

இப்பவும் சாப்பிடும்போதுதான் வாசிக்கேன். அவ உக்காருத எடத்துல ஒரு தகரச் சம்படத்தை வச்சு, அதுல புத்தகத்தைச் சாத்திக்கிடுவேன். பக்கத்துல அங்கங்க மஞ்சக்கறை இருக்கும், மன்னிச்சுக்கிடுங்க. நான் வைக்கிற ரசம் அது. பிரமு ரசம்னா கறை இவ்வளவு அசிங்கமா இருக்காது.

சரி, விசயத்துக்கு வாறேன். முதல்ல இந்த உப்பளத்துக் கதை. பாதி வரைக்கும் கண்ணை எடுக்க முடியலம்மா. பாத்தி கட்டுததும், கால் வெடிச்சு உப்புத்தண்ணி எரியிறதும், மத்தியானத்துல அந்த வெள்ளை கண்ணைக் கூசுறதும், எழுதுனவரு அங்க கிடந்து வேலை பாத்தவரா இருக்கணும். எனக்கே கால் எரிஞ்சுது. பெறவு வேலை இல்லாமப் போயி, புருசன்காரன் குஜராத்துக்கு லாரில ஏறிப் போறான். போயிட்டான். அவ ரோட்டுல நிக்கா. தூசி அடங்கிருச்சு, முற்றும். பிரமு சொன்னது அப்படி இல்ல. ரோட்டு முக்குல போயி லாரி நின்னுரும். அவன் இறங்கி, துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நிப்பான். டிரைவர் ஆரன் அடிப்பான், இவன் அசையமாட்டான். அவ நடந்து வந்து சேருற வரைக்கும் நின்னு, ரெண்டுபேருமா ஏறிப் போவாங்க. அந்த எடத்துல நான் கையில எடுத்த அப்பளத்தைக் கடிக்காம அப்படியே வச்சிருந்தேன், நல்லா ஞாபகம் இருக்கு.

அடுத்து இந்தத் தடிச்ச புத்தகம். தேயிலைத் தோட்டம். இதை முழுசா வாசிச்சதுக்கு எனக்கு ஒரு சால்வை போத்தணும் நீங்க. மழை பெய்யிது, பெய்யிது, பெய்யிக்கிட்டே இருக்கு. ரெண்டு மனுசங்க வாயைத் திறந்தாப் போதும், உடனே மழை வந்துருது. கணக்குப்பிள்ளை ஒருத்தர் வாறாரு, அவரு வாற எடமெல்லாம் அவ்வளவு ருசியா இருக்கு. அவரையும் பாதியிலேயே காய்ச்சல்ல கொன்னுட்டாரு எழுதுனவரு. ஆத்தமாட்டாம வந்துது எனக்கு. மூடி வச்சிருவோம்னுதான் பாத்தேன். ஆனா பிரமு சொன்னதுல, கடைசில கங்காணி மலையேறும்போது பாதி வழில ஒரு பாறைமேல உக்காந்து, செருப்பைக் கழத்தி வச்சுட்டு, பின்னால வாற பொண்டாட்டிக்காகக் காத்துக் கிடப்பான். அந்த எடம் இந்தா வரும் அந்தா வரும்னு வாசிச்சேன். வரவே இல்லம்மா. திரும்பிக்கூடப் பாக்காம ஏறிப் போயிருதான். பாறை மட்டும் இருக்கு. அதுமேலயும் மழை பெய்யிது.

இந்த ஒல்லிப் புத்தகம் எனக்குச் சுத்தமாப் புரியல. யாரு பேசுதா, யாரு நினைக்கான்னே பிடிபடல. மெட்ராஸ்ல புருசன் பொண்டாட்டி, ரெண்டுபேருக்கும் நல்ல சம்பளம், சண்டை சச்சரவு கிடையாது, ஆனா பிரியிறாங்க. எதுக்குன்னு ரெண்டுதரம் வாசிச்சும் கண்டுபிடிக்க முடியல. அவன் பேசாம இருந்தான், பேசாம இருந்தான்னே எழுதியிருக்காரு. பேசாம இருக்கறது ஒரு குத்தமா? நான்கூடத்தான் பேசமாட்டேன், எங்களுக்குள்ள என்ன குறை வந்துது? எரிச்சலாயி மூடிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். பாத்தா, குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னு அழுதுக்கிட்டு இருக்கேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. இது நல்ல புத்தகமா மோசமான புத்தகமான்னு நீங்கதான் சொல்லணும். இதுலயும் கடைசி எடம் இல்ல. ரயில்வே ஸ்டேசன்ல தானா ஏறுற படி இருக்குல்லா, அதுல அவன் மேல போயிருதான், அவ கீழயே நிக்கா. பிரமு சொன்னதுல, அவன் மேல போயி நின்னு, அவ பயந்து பயந்து காலை வைக்கிறதைப் பாத்து, கையை நீட்டுவான்.

இந்த நாலாவது துப்பறியும் கதை. நாலுல எனக்குப் பிடிச்சது இதுதான். ஒரே மூச்சுல முடிச்சேன். கொலைகாரன் யாருன்னு நான் நினைச்ச ஆளேதான், அதுல ஒரு சந்தோசம். இதுலகூட முடிவு இல்ல பாருங்க. கேஸ் முடிஞ்சு இன்ஸ்பெக்டர் ஜீப்புல போறாரு. பிரமு சொன்னதுல, முக்குல ஜீப்பை நிப்பாட்டிட்டு, மார்க்கெட்ல இருந்து காய்கறிப் பையோட வாற வீட்டம்மாவுக்காக நிப்பாரு. அன்னைக்கே நான் கேட்டேன்.

“ஏளா, உன் கதையில வாற ஆம்பிளை எல்லாம் கடைசில முக்குல வந்து நிக்கானே, அவனுகளுக்கு வேற சோலியே கிடையாதா?”

அவ சிரிச்சா.

“கதைதான. நின்னுட்டுப் போட்டும்”னா. மோரை ஊத்திட்டு எந்திச்சுப் போயிட்டா.

அவளாச் சேத்துச் சொல்லியிருப்பாளோன்னு கேக்கீங்களா? அந்த சாரும் இதைத்தான் கேட்டாரு. பிரமுவுக்குப் பொய் வராதும்மா. பால்காரரு ஒரு கரண்டி கூட ஊத்திட்டா கூப்பிட்டுச் சொல்லுதவ அவ. அதோட, சேக்கணும்னா வேற எவ்வளவோ சேக்கலாமே. புதையல் கிடைச்சுதுன்னு சேக்கலாம், பிள்ளை பொறந்துதுன்னு சேக்கலாம். ஒருத்தன் முக்குல நிக்கிறதையா மெனக்கெட்டுச் சேப்பா? அதுல என்ன இருக்கு?

எங்க மக செண்பகம் ஓசூர்ல இருக்கா. அவகிட்ட போன்ல கேட்டேன். அவளுக்கும் பிரமு இந்தக் கதையெல்லாம் சொல்லியிருக்கா. உப்பளத்துக் கதையில லாரி நிக்கும்லான்னு கேட்டேன். இல்லப்பா, நிக்காமப் போயிரும், அம்மா அப்படித்தான் சொன்னாங்கன்னா. கங்காணியும் நிக்கமாட்டானாம். பெறவு, அப்பா, நீங்க இங்க வந்துருங்கன்னா. அவளுக்கு வேலைக்குப் போற அவசரம், பிள்ளைங்க அவசரம், கேட்ட கதை எங்க ஞாபகம் இருக்கப்போவுது.

சேந்து போற பழக்கமா? எங்களுக்கா? ஏன் கேக்கீங்க? போவோமே. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரின்னு எல்லாத்துக்கும் சேந்துதான் போவோம். எனக்கு நடை கொஞ்சம் வேகம். தெருத்தெருவாப் போயி ரீடிங் எடுத்த காலும்மா இது. அவளுக்கு நடக்கவே வராது. கோலத்தைப் பாத்தா நிப்பா, கன்னுக்குட்டியைப் பாத்தா நிப்பா, யாராவது சும்மா சிரிச்சாக்கூட நின்னுருவா. கல்யாண வீட்டுல நான் பந்தில உக்காந்து பாயசத்துக்கு வந்திருப்பேன், அவ அப்பத்தான் வாசல்ல சந்தனம் எடுத்துக்கிட்டு இருப்பா. புதுசுல, ‘என்னங்க, கொஞ்சம் நில்லுங்க’ன்னு பின்னால இருந்து கூப்பிடுவா. பெறவு கூப்பிடுறதை விட்டுட்டா. பழகிட்டா. அதுதான் அவகிட்ட நல்ல குணம், எதையும் ரெண்டுதரம் கேக்கமாட்டா.

நான் மல்லுக்கட்டுறது இந்த நாலுக்காக இல்லம்மா. இந்தப் பையில இன்னொண்ணு இருக்கு. இதுக்காகத்தான் வந்தேன்.

பிரமு எனக்குக் கடைசியாச் சொன்ன கதை இது. முடிக்கல. வயசான புருசனும் பொண்டாட்டியும் கடக்கரைக் கோயிலுக்கு நடந்தே போறாங்க, நேத்திக்கடன். வழியெல்லாம் கூட்டம். அவ கால்ல முள்ளு குத்திருது. அவன் தெரியாம முன்னால போயிக்கிட்டே இருக்கான். அந்த எடத்துல என் தட்டுல சோறு தீந்துபோச்சு. கொஞ்சம் மோருச்சோறு போடுன்னேன். சட்டியைச் சரிச்சுக் காமிச்சா, மோர் இல்ல. சரின்னு கை கழுவிட்டேன். மிச்சத்தை நாளைக்குச் சொல்லுதேன், லைப்ரரி அடைக்கிறதுக்குள்ள புத்தகத்தைக் குடுத்துட்டு வந்துருவோம்னா. ரெண்டுபேருமாத்தான் கிளம்புனோம்.

ரயில்வே கேட்டுகிட்ட வரும்போது மணி அடிச்சுட்டு. நான் எட்டு வச்சுத் தாண்டிட்டேன். திரும்பறதுக்குள்ள கேட்டைப் போட்டுட்டான். அவ அந்தப் பக்கம். வந்தது கூட்ஸ் வண்டி, லேசுல போயி முடியாது. அதுக்காக வெயில்ல நின்னுக்கிட்டு இருக்க முடியுமா? திறந்ததும் வந்துருவா, எத்தனையோ தரம் அப்படி வந்திருக்கா. நான் இங்க வந்து, இதே பெஞ்சில உக்காந்து பேப்பரை எடுத்தேன். விளையாட்டுச் செய்தி வரைக்கும் வாசிச்சுட்டேன். இன்னும் காணோமே, வழில எந்தக் கன்னுக்குட்டியைப் பாத்துட்டு நிக்காளோன்னு கோவம்கூட வந்துது.

பெறவு சைக்கிள்ல ஒருத்தர் வந்தாரு. கையில ஒரு புத்தகம். கேட்டுப் பக்கத்துல ஒரு அம்மா கல்லுல உக்காந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க, கூட யாரும் இல்ல, யாரு வீட்டு ஆளுன்னு தெரியல, பையில இந்தப் புத்தகம் இருந்துது, உங்க முத்திரை போட்டிருக்கு, அதான் கேக்க வந்தேன்னாரு. சார்கிட்டதான் கேட்டாரு. நான் இங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.

கூட ஆளு இருந்திருந்தாலும் ஒண்ணும் செய்திருக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் ரெண்டு மூணுதரம் கேட்டுக்கிட்டேன். அப்படித்தான் சொன்னாரு.

அந்தப் புத்தகத்தை அவரு சார் மேசைல வச்சுட்டுப் போயிட்டாரு. நான் அட்டையைக்கூடப் பாக்கல. எல்லாம் முடிஞ்ச பெறவு ஒருநாள் சாப்பிட உக்காந்தேன். ஓட்டல் சாப்பாடு. அந்த முள்ளு குத்தினவ என்ன ஆனான்னு அப்பத்தான் நினைப்பு வந்துது. பாதியிலேயே கை கழுவிட்டேன். இங்க ஓடி வந்து சார்கிட்ட கேட்டா, திரும்பி வந்த புத்தகத்துக்குக் கணக்கு வைக்கிறதில்ல, எந்தத் தட்டுல வச்சேனோன்னுட்டாரு. புத்தகத்துப் பேரு எனக்குத் தெரியாது. பிரமு பேரெல்லாம் சொல்லமாட்டா, கதைதான் சொல்லுவா. அதான் தட்டு தட்டா எடுத்து வாசிக்க ஆரம்பிச்சேன். நான் என்ன நாவல் ரசிகனா? அந்த ஒரு கதையைத் தேடித்தான் இவ்வளவு மழையிலயும் நனைஞ்சேன்.

போன வாரம் கிடைச்சுட்டு. ஒரு அம்மா எழுதினது. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. அவ கால்ல முள்ளு குத்துற எடத்தை வாசிச்சுட்டு நான் என் காலைத் தடவிப் பாத்தேன். பிரமு சொன்ன எடம் வரைக்கும் மடமடன்னு வந்துட்டேன். அதுக்கு மேல பக்கத்தைத் திருப்பப் பயமா இருந்துது. ரெண்டுநாள் சம்படத்துல சாத்தி வச்சு அது மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். பெறவு வாசிச்சுட்டேன்.

அவன் போயிருதான்மா. கோயிலுக்குப் போயி, கடல்ல குளிச்சு, பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுட்டு மண்டபத்துல படுத்துத் தூங்குதான். அவ ரோட்டோரத்துல புளியமரத்தடில இருக்கா. கூட்டம் பூராவும் போயிருச்சு. முற்றும்.

இப்படி ஒருத்தன் இருப்பானாம்மா? இத்தனை வருசம் கூட இருந்தவ பின்னால வாறாளா இல்லியான்னு திரும்பிப் பாக்காம ஒருத்தன் போவானா? அவன்லாம் மனுசனா? எனக்கு அவன்மேல அப்படி ஒரு ஆத்திரம். எழுதுன அம்மா கையில கிடைச்சா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எங்கயும் நடக்காததை எல்லாம் எழுதி, படிக்கிறவன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிடுதாங்க.

பிரமு இதுக்கு முடிவு வச்சிருந்தா. கட்டாயம் வச்சிருந்தா. மறுநாள் சாம்பார் ஊத்தும்போது சொல்லியிருப்பா. அது எந்தத் தட்டுல இருக்குன்னு நான் போயித் தேட? மோர் மட்டும் ஒரு கரண்டி இருந்திருந்தா நான் கேட்டிருப்பேன். மனசு விட்டுப்போச்சும்மா. வீட்டுல இருக்க முடியல. எல்லாச் சாமானும் வச்ச எடத்துல இருக்கு, கதை மட்டும் பாதில நிக்கி.

அவ எப்படி முடிச்சிருப்பாங்கிறீங்களா? நானா சொல்ல? எனக்குக் கதை சொல்லி வழக்கமில்ல. கேக்கத்தான் தெரியும். சரி, கேக்கீங்க, சொல்லிப் பாக்கேன்.

அவன் வேகமாப் போறான். தாண்டிப் போயிருதான். போனவன், என்னடா இது, பின்னால காலடிச் சத்தம் கேக்கலியேன்னு நின்னுருதான். கூட வந்தவங்க வாங்கன்னு கூப்பிடுதாங்க. நீங்க போங்கங்கான். வெயில் அடிக்கி. அடிக்கட்டும்னு துண்டைத் தலையில போட்டுக்கிட்டு நிக்கான். பெட்டி பெட்டியாப் போவுது, முடியவே மாட்டேங்குது. இவன் குனிஞ்சு குனிஞ்சு சக்கரத்துக்கு நடுவுல பாக்கான், அந்தப் பக்கம் அவ சேலை தெரியுதான்னு. பச்சைச் சேலை. கொஞ்சம் தெரியிது, மறைஞ்சிருது. கடைசிப் பெட்டியும் போயிருது. கேட்டைத் தூக்குதாங்க. அவ கல்லுல உக்காந்திருக்கா, மூச்சு வாங்குது. இவன் எல்லாருக்கும் முன்னால தாண்டிப் போயி, அவ கையில இருந்த பையை வாங்கிக்கிடுதான். எந்திரிளா, மெதுவாவே போவோம்ங்கான்.

ஏம்மா, அப்படிப் பாக்கீங்க?

இந்தக் கதையில கேட்டு வரலியா? ரயிலே வரலியா?

நல்லாப் பாருங்கம்மா. அந்தக் கடைசிப் பக்கத்துல இருக்கும்.